உங்கள் காருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் யார்?

நீளமான பதிவுதான். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக் கொண்டவர்கள் இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு நீங்கள் அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். கழுவித் துடைத்த கார், மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். உங்களில் பல பேரை உங்கள் அப்பா சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டி வந்துதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அந்த வீட்டு வாசலில் இன்றைக்குக் கார் நிற்பதைப் பார்க்க எனக்கும் பெருமைதான். ஆனாலும் அறிவியல் வாத்தியார் புத்தி எங்கே போகும்? எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அந்த டயரில் காற்று எவ்வளவு இருந்தது, அது எந்த வருஷத்து டயர் என்று இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றுதான் யோசித்தேன்.

நம் பகுதி லாரிக்குப் பேர் போனது. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையும் டயர் ரீட்ரெடிங் கடையும் இல்லாத ரோடு குறைவு. சங்ககிரி லாரியும் திருச்செங்கோடு ரிக் வண்டியும் போகாத மாநிலம் இல்லை. காஸ் டேங்கர் லாரி என்றாலே நாமக்கல்தான் நினைவுக்கு வரும். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் லாரியால் சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளைகள். உங்கள் அப்பாவோ மாமாவோ விடிகாலையில் வண்டி எடுக்கும் முன் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். இரட்டை டயரில் உள் டயர் காற்றில்லாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் சொல்லிவிடும். ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். வண்டிக்கு அடியில் குனிந்து ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் சாவி.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளை இன்றைக்குப் பட்டனை அமுக்கி காரை ஸ்டார்ட் செய்கிறான், நேராக பைபாஸ் ஏறி 100-ல் போகிறான். பானெட்டைக் கடைசியாக எப்போது திறந்தாய் என்று கேட்டால், "கம்பெனி சர்வீஸ்ல பாத்துக்குவாங்க சார்" என்கிறான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. லாரிக்கு எஃப்.சி. உண்டு. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு எல்லாம் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்க்கிறவருக்கே நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். சொந்தக் காருக்கு? பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் ஆன பிறகுதான் முதல் எஃப்.சி. அதுவரைக்கும் அரசாங்கத்தில் யாரும் உங்கள் பிரேக்கை மிதித்துப் பார்ப்பதில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட் புகையை மட்டும் பார்க்கிறது. இன்சூரன்ஸ்காரர் பிரீமியம் வந்ததா என்று பார்க்கிறார். சர்வீஸ் சென்டர்காரர்களோ வருஷத்துக்கு ஒருமுறை, இல்லை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மீதி 364 நாளும் உங்கள் காருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் நீங்கள்தான். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

முதலில் டயரைப் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் நம் பக்கத்தில் தப்பான நம்பிக்கை அதிகம்.

"வெயில் காலம் சார், காத்தைக் கொறச்சு வெச்சிருக்கேன், இல்லேன்னா வெடிச்சிரும்" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. உண்மை இதற்கு நேர்மாறு. காற்று குறைந்த டயர் ரோட்டில் படும் இடத்தில் நசுங்குகிறது, சுற்றி மேலே போகும்போது விரிகிறது. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைந்த இடம் சுடும் என்று வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். டயரின் பக்கவாட்டுச் சுவரிலும் அதுதான் நடக்கிறது. சித்திரை மாத வெயில், தார் ரோட்டின் கொதிப்பு, காரில் ஆறு பேர், டிக்கி நிறையச் சாமான், இத்தோடு காற்றும் குறைவு. டயர் வெடிப்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம்.

எவ்வளவு காற்று வைப்பது? யாரையும் கேட்க வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் உடம்புத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று போட்டிருக்கும். அது ஆறிய டயருக்கான கணக்கு. இருபது கிலோமீட்டர் ஓட்டிப் போய் பங்கில் பிடித்தால் சூட்டினால் அழுத்தம் கூடித்தான் காட்டும். 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு கூடும். அதிகமாக இருக்கிறதே என்று அங்கேயே இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் பட்டினியாக நிற்கும். ஆகவே காலையில், வண்டி எடுக்கும் முன், வீட்டில் பாருங்கள். காற்று பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். ஏழு வருஷம் தவணை கட்டுகிறவர்களுக்கு அது பெரிய செலவில்லை.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். அடியுங்கள், தப்பில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று ஏழாம் வகுப்பிலேயே எழுதிப் போட்டேன். நைட்ரஜன் அடித்தாயிற்று என்று மூன்று மாதம் அழுத்தம் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

அடுத்து டயரின் வயசு. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ஒரு குறி இருக்கும். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் நம் உறவுகளில் பலருக்கு வேறு பிரச்சினை. கார் பெரும்பாலும் ஷெட்டில் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்றால் மட்டும் வெளியே வரும். பள்ளம் புதுசு போலவே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை டயர் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காற்றில்லாத ஸ்டெப்னி டிக்கியில் இருப்பது வெறும் பாரம்.

இரண்டாவது தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கடினநீர்தான். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். உள்ளே மெல்லிய குழாய்கள். அங்கேயும் அந்த வெள்ளைதான் படியும். படிந்தால் சூடு வெளியேறாது. இன்ஜின் கொதித்து ஹெட் வளைந்தால் பிறகு பேச்சு ஆயிரத்தில் இருக்காது. கூலன்ட் வெறும் நிறம் போட்ட தண்ணீர் இல்லை. கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. உங்கள் வண்டிக்குச் சொன்ன கூலன்டை ஊற்றுங்கள், கலக்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். நடுவழியில் கொதித்து நின்றால் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் சரிதான், ஊருக்கு வந்ததும் கழுவி மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தோடு இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் வரும். நன்றாக ஆறட்டும்.

மூன்றாவது பிரேக். இதைக் கொல்லிமலையில் வைத்துச் சொன்னால்தான் புரியும்.

சில வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தோம். என் அக்கா மகன் ஓட்டினான். காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்கும்போதே கருகல் நாற்றம். இன்னும் கொஞ்சம் போனதும், "மாமா, பெடல் உள்ள போகுது" என்றான். குரலே மாறிவிட்டது. பின்னால் அவன் இரண்டு குழந்தைகளும் தூங்கிக் கொண்டிருந்தார்கள். நல்ல வேளை, வளைவில் கொஞ்சம் அகலமான இடம் கிடைத்தது. கை பிரேக்கைப் பிடித்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். சக்கரத்திலிருந்து புகை. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றப் போனான்.

பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த பிக்கப் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். "ஏனுங்க, தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் உக்காருங்க, தானா ஆறட்டும்" என்றார். பிறகு என் அக்கா மகனைப் பார்த்து, "எந்த கியர்ல வந்தீங்க தம்பி?" என்று கேட்டார். நாலாவது, சில இடத்தில் நியூட்ரல். அவர் திட்டவில்லை. "மேல ஏற எந்த கியர் போட்டீங்களோ, எறங்கவும் அதே கியர்தானுங்க. இன்ஜின் புடிக்கட்டும். பிரேக்கை அப்பப்ப தொட்டா போதும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் கிளம்பும்வரை கூடவே இருந்தார். அவருக்கு நான் எந்தப் பாடமும் எடுத்ததில்லை. அன்றைக்கு அவர்தான் வாத்தியார்.

ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டியதில் இன்னொன்று தெரிந்தது. பிரேக் ஆயில் ஐந்து வருஷமாக மாற்றப்படவே இல்லை. அந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் பஞ்சு போல உள்ளே போனதற்குக் காரணம் அதுதான். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷத்துக்குள் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் எப்போதோதான் போகிறோம் என்பீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடித்து, குழந்தைகளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, பழைய ஏழாம் நம்பர் ரோட்டில், இன்றைய 44-ல், ஊருக்கு வருகிறீர்கள். தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். ஊருக்கு வரும் திசையில் அது இறக்கம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்த இறக்கத்தில் வண்டிகள் அடுத்தடுத்து மோதி, ஒவ்வொரு தடவையும் நான்கு உயிர் போனது. பின்னால் வருகிற லாரியின் பிரேக் உங்கள் கையில் இல்லை. உங்கள் பிரேக், உங்கள் டயர், உங்கள் கியர் உங்கள் கையில் இருக்கிறது. பின்னால் கட்டுப்பாடு இழந்து ஒரு வண்டி வருகிறது என்று தெரிந்து நீங்கள் ஒதுங்க வேண்டிய நொடியில், உங்கள் கார் சொன்னபடி கேட்க வேண்டும். டீசல் மிச்சம் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை முழுதாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரியும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இனி "ஓட்டவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்கும் உறவுகளுக்கு. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று போட்டிருந்தால், 2,000 தான் ஓடியிருந்தாலும் வருஷம் முடிந்தால் ஆயில் மாற்ற வேண்டும். நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும். வயர்களை எலி கடிக்கும். கோழிப்பண்ணைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். வைப்பரை ஐப்பசி மழை வருவதற்கு முன் மாற்றிவிடுங்கள். நம் வெயிலில் அந்த ரப்பர் வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. மழையில் கண்ணாடி தெரியாமல் ஓட்டுவதும் கண்ணை மூடி ஓட்டுவதும் ஒன்றுதான்.

"புது வண்டி சார், எல்லாத்துக்கும் சென்சார் இருக்கு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயர் அழுத்த விளக்கு பல வண்டிகளில் காற்று நன்றாக இறங்கிய பிறகுதான் எரியும். டயரின் வயசையும் வீக்கத்தையும் எந்த சென்சாரும் சொல்லாது. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் ஆயில் தொல்லை இல்லை, ஆனால் பேட்டரியின் எடையால் டயர் சீக்கிரம் தேயும். பிரேக் ஆயிலும் கூலன்டும் அதிலும் உண்டு. மலை உச்சியில் பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் மோட்டார் பிடித்துக் கொடுக்கும் பிரேக் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் அந்த மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடமில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். சிவப்பு விளக்கு, குறிப்பாக ஆயில் குவளை, வெப்பமானி, பிரேக் இந்த மூன்றில் எது எரிந்தாலும், ஓரம் கட்டி நிறுத்துங்கள். "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

பராமரிப்பு என்ற பெயரில் ஏமாறவும் வேண்டாம். சில இடங்களில் இன்ஜின் ஃபிளஷ், அந்தக் கோட்டிங், இந்த அடிட்டிவ் என்று பில்லில் சேர்த்துக்கொண்டே போவார்கள். அதற்கு மருந்து உங்கள் காரிலேயே இருக்கிறது. வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவல். எத்தனை பேர் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்கிறீர்கள்? பாடப்புத்தகத்தைத் தொடாமல் நோட்ஸை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் போகும் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்த ஆயில், எத்தனை மாதம், டைமிங் பெல்ட் இருக்கிறதா, இருந்தால் எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. மேனுவலில் இல்லாத வேலையைச் சொன்னால், "இது எதுக்குங்க, புத்தகத்தில் இல்லையே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. பானெட் திறப்பது ஆம்பிளை வேலை என்று வீட்டுக்காரரிடம் விட்டுவிடாதீர்கள், அம்மிணிகளா. ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டில் ஒரு சொட்டு பிசகாமல் அளந்தவர்கள் நீங்கள். ஆயில் கம்பியில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்து இவ்வளவுதான். தினமும் வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று: நான்கு டயர், அடியில் ஒழுகல், விளக்குகள். ஒரு நிமிடம் ஆகாது. மாதம் இரண்டு முறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது: ஐந்து டயருக்கும் காற்று, ஆயில் கம்பி, கூலன்ட் அளவு, பிரேக் ஆயில் அளவு, பேட்டரி முனையில் வெள்ளை பூத்திருக்கிறதா. பத்து நிமிடம். தூரப் பயணத்துக்கு முந்தின நாள் இதையே இன்னொரு முறை. வருஷத்துக்கு ஒருமுறை மேனுவல்படி சர்வீஸ். கிளீனர் பையனாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே லாரித் தொழிலில் இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பட்டம் வாங்கிய உங்களுக்கு இது கஷ்டமா?

வீட்டுப்பாடம் இல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடித்ததில்லை. நாளைக் காலையில் வண்டி எடுக்கும் முன் உங்கள் டயர்களில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. இருப்பதிலேயே பழையது எதுவோ அதைக் கீழே எழுதுங்கள். வயசான டயர் யாரிடம் இருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், போன் போட்டும் கேட்பேன். பதில் எழுதாதவர்கள் பெயரும் எனக்குத் தெரியும்.

பத்திரமாக ஓட்டுங்கள், பிள்ளைகளே. வாழ்க வளமுடன்.